கிழவர் சாகக் காத்திருந்தவர்

ஒரு நட்சத்திரம் எப்போது சாகும் என்று காத்துக் கிடந்த மனிதரின் கதை இது. கல்நெஞ்சக்காரர் ஒன்றும் இல்லை. எறும்பை மிதித்துவிட்டால்கூட மனசு கேட்காத ஆள்தான். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, மாலையானால் மொட்டைமாடியில் ஏறி நின்று, கிழக்கே எழும்பும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்து, 'சீக்கிரம் செத்துத் தொலையேன்' என்று மன்றாடிக்கொண்டிருந்தார். அது சாகவில்லை என்றால் அவருடைய கண் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அவர் கண் கெட்டுப்போயிருந்தால், கீழே ஒரு மனிதர் சாவார்.

அவருக்கு வேலை டவர் கிரேன் ஓட்டுவது. உயரமான கட்டடங்கள் எழும்பும் இடத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த இரும்பு ராட்சசனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். அவசரத்துக்கு ஒரு பாட்டில்தான் துணை. கூட்டாளிகள் அவருக்கு 'ஆகாசம்' என்று பேர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

மேலிருந்து பார்த்தால் மனிதருக்கு முகம் கிடையாது, ஹெல்மெட்தான். வெள்ளை என்றால் இன்ஜினியர், மஞ்சள் என்றால் கூலியாள், நீலம் என்றால் எலக்ட்ரீஷியன். அந்தப் பொட்டுகளுக்கு நடுவே இரும்பையும் கான்கிரீட்டையும் பூப்போல இறக்கி வைக்க வேண்டும். கீழே நின்று வாக்கி-டாக்கியில் 'வலது, இன்னும் கொஞ்சம், மெதுவா, இறக்கு' என்று சொல்பவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். "மாமனும் மச்சானும் சண்டை போட்டா நாமதான் நசுங்கணும்" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். இருவரும் சண்டையே போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வானத்துப் பைத்தியம் அவருக்குப் பல்வலியால் வந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், பல் டாக்டர் தன் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், நட்சத்திரப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். வாயைப் பிளந்து மல்லாந்து கிடப்பவர்கள் வேறு எதைப் பார்ப்பது? மரத்துப்போன வாயோடு ஆகாசம் கண்ணாலேயே 'அது என்ன' என்று கேட்க, டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"நட்சத்திரம்னா பெரிய பாரம்ங்க. வாயை இன்னும் கொஞ்சம் திறங்க. முதல்ல வெறும் வாயுவும் தூசியும் மேகமா கிடக்கும். தன் எடையாலயே தன்னை இறுக்கிக்கும். இறுக்க இறுக்கச் சூடு ஏறி, ஒரு நாள் நடுவுல பத்திக்கும். அதுதான் பிறப்பு. அன்னையிலேர்ந்து எடை உள்ள அமுக்கும், நெருப்பு வெளிய தள்ளும். ரெண்டும் சரிக்குச் சரி நிக்கற வரைக்கும் உயிர். அசையாதீங்க."

ஆகாசம் எங்கே அசைவது? இடுக்கி பல்லைப் பிடித்திருந்தது. டாக்டர் பிடுங்கிக்கொண்டே பேசினார். சின்ன நட்சத்திரம் கஞ்சன், கொஞ்சம் கொஞ்சமாக எரித்து யுகக் கணக்கில் வாழும். பெரியது ஊதாரி, சீக்கிரமே தீர்த்துவிடும். நடு வயிற்றில் எரிபொருள் தீர்ந்ததும் உடம்பு உப்பிச் சிவந்துபோகும். அப்புறம் தன் சாம்பலையே எரிக்கும், அந்தச் சாம்பலின் சாம்பலையும் எரிக்கும். நம் சூரியன் மாதிரி நடுத்தரமானவை பாதியில் கைவிட்டு, மேல்தோலை உதறிவிட்டு, கங்கு போல ஆறிப்போகும். பெரியவை விடாமல் எரித்து இரும்பில் வந்து முட்டிக்கொள்ளும். இரும்பை எரித்து ஒரு பயனும் இல்லை, அது சூடு தராது. அந்தக் கணத்தில் பாரத்தைத் தாங்க ஆள் இல்லை. கண் இமைப்பதற்குள் நடுப்பகுதி இடிந்து விழும், விழுந்த வேகத்தில் மற்றதெல்லாம் வெடித்துச் சிதறும். பட்டப்பகலில் தெரிகிற வெளிச்சம். சிதறியதிலிருந்து மறுபடி மேகம், மறுபடி பிறப்பு.

பல் தட்டில் விழுந்த சத்தம்கூட ஆகாசத்துக்குக் கேட்கவில்லை. பாரம், தாங்குவது, கைவிடுவது. இந்தப் பாஷை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் தூக்குகிற இரும்புதான் அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கும் எமன் என்பது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு, "இப்போ சாகப்போறது ஏதாவது இருக்கா?" என்று குழறினார். டாக்டர் கூரையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். உப்பிச் சிவந்துபோன பெரிய நட்சத்திரம். நாளைக்கும் சாகலாம், இன்னும் லட்சம் வருஷமும் கிடக்கலாம். ஆகாசம் அதற்குக் 'கிழவர்' என்று பேர் வைத்தார்.

டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் வானம் பார்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது, ஆகாசமும் அதில் சேர்ந்தார். பேக்கரிக்காரர், தபால்காரம்மா, இன்னும் சிலர். கிழவரின் வெளிச்சம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வெறும் கண்ணால் மதிப்பிடுவதுதான் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. கிழவருக்குப் பக்கத்தில், வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்று அவரைவிடக் கொஞ்சம் பிரகாசம், மற்றது கொஞ்சம் மங்கல். இரண்டுக்கும் நடுவே கிழவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் கேட்கக் கூடாது, கேட்டால் கண் அதையே பார்க்கும் என்பது சங்கத்தின் கண்டிப்பு. அதனால் மாதக் கூட்டம் வரும்வரை யார் என்ன பார்த்தார் என்பது டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் கிழவர் ஏற ஆரம்பித்தார். முதலில் லேசாக. பிறகு பிரகாசமான பக்கத்து நட்சத்திரத்தை எட்டிப் பிடித்தார். பிறகு அதையும் தாண்டினார். ஆகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாகிற நேரம் வந்துவிட்டது, தன் ஆயுளிலேயே வந்துவிட்டது! யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். "கிழவர் போனா நமக்கு லீவு உண்டா?" என்று கேட்டுவிட்டு, "அந்த நீல நூல்கண்டை எடுங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது சாம்பல்."

"நீலம்தானே?"

"சாம்பலுங்க. நீலம் உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்கு."

"லைட்டு சரியில்லை. ஒரு பல்பு மாத்தச் சொன்னா யாரு கேக்கறா இந்த வீட்டுல?" என்று சத்தம் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நூல்கண்டுகளையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதை அவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்தது. ஆகாசம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் சுவரில் படத்தைக் காட்டினார். எல்லோருடைய புள்ளிகளும் தரையில் உருட்டிவிட்ட பயறு மாதிரி ஒரே மட்டத்தில் கிடந்தன. ஒருவருடைய புள்ளிகள் மட்டும் அதிலிருந்து பிரிந்து படியேறிப் போயின.

"ஆகாசம், தப்பா நினைக்காதீங்க. உங்க புள்ளி மட்டும்தான் மேல போகுது."

"அப்போ மத்தவங்க சரியா பாக்கலை."

"எல்லாருமேவா?" என்றாள் தபால்காரம்மா.

"உங்க பக்கம் தெருவிளக்கு ஜாஸ்தி. எங்க மாடி இருட்டு."

"நேத்து கேமராவால அளந்தேன்" என்றார் டாக்டர். "கிழவர் போன வருஷம் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கார். நீங்க ஒப்பிடற ரெண்டும் நீல நட்சத்திரம், இவர் சிவப்பு. வயசாக ஆக சிலருக்குக் கண் லென்ஸ் மஞ்சளாகும். அந்த மஞ்சள் நீலத்தை மங்க வைக்கும், சிவப்பை ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல இருக்கறவங்க மங்கிட்டா இவர் ஏறின மாதிரிதானே தெரியும்? எதுக்கும் கண்ணை ஒரு தடவை காட்டிடுங்க."

ஆகாசத்துக்குச் சுருக்கென்றது. அறையே தன்னைப் பார்ப்பது போல இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"வருஷா வருஷம் எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிக்கறவன் நான். நீங்க பல்லைப் பாருங்க டாக்டர், கண்ணை விடுங்க" என்று சொல்லிவிட்டு, பேக்கரிக்காரர் நீட்டிய ரொட்டியை வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

கோபம் தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. அதற்குமேல் நூல்கண்டு ஞாபகம் வந்தது. அன்று மாலை மாடியில் நின்று கிழவரைப் பார்த்தார். தகதகவென்று இருந்தார். ஒரு கணம் நிம்மதி, மறுகணம் பயம். நிஜமாகவே சாகப்போகிறார் என்றால் கேமராவிலும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், டாக்டர் மன்னிப்புக் கேட்பார், நாமும் பழையபடி கூண்டில் உட்காரலாம். சாகவில்லை என்றால்? அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க மறுத்தார் என்று சொல்வதுதான் நியாயம். மேலேயிருந்து இறக்கிவிட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது. பாதி வாழ்க்கையைக் கூண்டில் கழித்தவருக்குத் தரையில் என்ன வேலை?

மறுநாள் காலை வழக்கம்போல ஏணி ஏறினார். அன்று கம்பிக்கட்டுகளை இறக்கும் வேலை. கட்டடத்தின் மேற்குப் பக்கம், சுவர் நிழலில், அவற்றை அடுக்க ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மச்சான் அதற்கு இந்தப் பக்கம் நின்றான். அவனுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்ததால் இறக்கும் இடம் அவனுக்குச் சரியாகத் தெரியாது. மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார். அதுதான் ஏற்பாடு, அப்படித்தான் எப்போதும்.

"கொண்டு வா மாமா. இன்னும் வலது. போதும். கீழ சுத்தமா இருக்கா?"

ஆகாசம் காலடிக் கண்ணாடி வழியே பார்த்தார். சாம்பல் நிறத் தரை, சாம்பல் நிற நிழல், ஒரு குழி, வேறு எதுவும் இல்லை. "சுத்தம்" என்றார்.

"இறக்கு."

லீவரைத் தள்ளினார். இரண்டு டன் இரும்பு மெல்ல இறங்கியது. பாதி உயரம் தாண்டியது. தூக்கும் வடத்தின் நீளத்தையும் நிழலையும் பார்த்துக்கொண்டே இறக்கினார். அப்போது நிழலுக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்றது. வட்டமாக, மினுமினுப்பாக. தட்டா, பல்பா என்று யோசித்த அந்தக் கணத்தில் அது அசைந்தது. ஒரு கை வந்து அதைத் துண்டால் துடைத்தது.

வழுக்கைத் தலை.

சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டு ஊஞ்சல் மாதிரி ஆடும், ஆடினால் பலகை அடுக்கைத் தட்டும், அப்புறம் இந்தப் பக்கம் மச்சானும் சேர்ந்து போவான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடுகிற குழந்தையைத் தடவி நிறுத்துவது போல லீவரை இழுத்தார். வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, ஆனால் கட்டு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் நின்றது. லேசாகச் சுழன்றது. அதற்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவு இடம்கூட இல்லை.

"என்னாச்சு மாமா? இறக்கேன்."

"ஆள்." வாக்கி-டாக்கியை வாயருகே இழுத்தார். "கீழ ஆள் இருக்கான்டா."

மச்சான் பலகைகளைச் சுற்றிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. நின்றதும் தெரிந்தது. கீழே வழுக்கைத் தலை எதையும் அறியாமல் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. மாட்டியதுதான் தாமதம், ஆளையே காணோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். வெறும் தரை. இருக்கிற மனிதன் இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். ஒயர்ச் சுருள் ஒன்று தானாக எழுந்து நடந்து வெயிலுக்குப் போனது. வெயிலில்தான் அதற்குக் காலும் கையும் முளைத்தன.

வாக்கி-டாக்கியில் மச்சானின் குரல் வந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற அலைவரிசைக்கு மாற்றியிருந்தான். "காத்து. மேல காத்தடிக்குது. கொஞ்ச நேரம் நிறுத்தறோம்."

ஆகாசம் கட்டை வேறு பக்கம் நகர்த்தி, காலியான வெயிலில் இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். கால் ஒவ்வொரு படியையும் தேடியது. அடியில் மச்சான் காத்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"காத்துன்னு சொல்லிட்டேன் மாமா. நீயும் அதையே சொல்லு. அந்தாளு புதுசு, இன்னிக்குத்தான் வேற கம்பெனியிலேர்ந்து வந்திருக்கான். அவனுக்கு யாரும் சொல்லலை."

"என்ன சொல்லலை?"

மச்சான் தரையைப் பார்த்தான். அப்போதுதான் ஆகாசம் சுற்றுமுற்றும் கவனித்தார். எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். கொக்கிக்கு அடியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டியிருந்தார்கள்.

"எப்போலேர்ந்துடா?"

"அக்காதான் சொல்லுச்சு. நூல் விஷயம். நீலம் தெரியல போலருக்கு, கொஞ்சம் பாத்துக்கோன்னு அழுதுச்சு. நான் ஸ்டோர்காரர்கிட்ட பேசி நீல ஹெல்மெட்டெல்லாம் எடுக்க வெச்சேன். பசங்களுக்கும் தெரியும். யாரும் வெளிய சொல்லமாட்டாங்க, உன் மேல அவ்வளவு மரியாதை."

"தெரிஞ்சுமா கீழ நின்னே?"

"நீதானே மாமா மேல இருந்தே."

ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது அவருக்கு. கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் தாங்கியிருக்கிறார்கள், அந்தப் பாசம்தான் இன்று ஒருவன் தலைமேல் இறங்கப் பார்த்தது. அவர் ஆபீஸ் பக்கம் நடந்தார். மச்சான் பின்னாலேயே ஓடிவந்தான்.

ஆபீஸ் என்பது ஒரு இரும்புப் பெட்டி அறை. இன்ஜினியரம்மா மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"காத்துன்னு கேட்டேன். மீட்டர்ல ஒண்ணும் காட்டலையே?"

"ஒரே ஒரு வீச்சுதான் மேடம். சட்டுனு நின்னுடுச்சு" என்றான் மச்சான்.

"அப்படியா, ஆகாசம்? நாளைக்கு கான்கிரீட் வருது. மதியத்துக்குள்ள கம்பி மேல போயாகணும்." நம்புவதற்கு அந்த அம்மாள் தயாராகத்தான் இருந்தார். ஒரு தலையாட்டல் போதும்.

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். நடுத்தர வயது, தொப்பை, அக்குளில் ஹெல்மெட், தோளில் ஒயர்ச் சுருள். தலை எண்ணெய் தடவினாற்போல மின்னியது.

"மேடம், மேற்குப் பக்கம் குழியில கேபிள் எல்லாம் சரியா இருக்கு. நல்ல நிழலான இடம், எழுந்து வரவே மனசில்ல. அடுத்தது எங்க பாக்கணும்?"

ஆகாசம் அவர் அருகில் போனார். "ஒரு நிமிஷம் சார். உங்க ஹெல்மெட்டைக் குடுங்க."

அந்த மனிதர் விழித்துக்கொண்டே கொடுத்தார். ஆகாசம் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்த சிமென்ட் நிறம். எப்படித் திருப்பினாலும் சிமென்ட்தான்.

"இது என்ன கலர்?"

"நீலம் சார். எங்க கம்பெனி எல்லாருக்கும் நீலம்தான். ஏன்?"

கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வானத்தில் அவர் பாட்டுக்குச் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கும் இருப்பார். மாதக்கணக்காக அவர் சாவுக்காக வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்து ஆகாசத்துக்கு வெட்கமாக இருந்தது. "மாமா" என்று மச்சான் அடிக்குரலில் கெஞ்சினான். அவர் ஹெல்மெட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"காத்து இல்லை மேடம். என் கண்ணுக்கு நீலம் தெரியல. இவர் அங்க உக்காந்திருந்தது தெரியாம இவர் தலைமேலதான் கம்பிக்கட்டை இறக்கினேன். இனிமே நான் மேல ஏறமாட்டேன்."

இன்ஜினியரம்மாவின் கை வரைபடத்தின் மேல் அப்படியே நின்றது. எலக்ட்ரீஷியன் இது ஏதோ புது ஆளைக் கலாய்க்கிற விளையாட்டு என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சானின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஹெல்மெட் கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.